நாற்பத்திரண்டாவது ஆள்

எண்ணிப் பார்க்கிறவன் ஏமாறமாட்டான் என்று நம்புகிறவர்கள் என்னோடு ஒருமுறை பேருந்தில் வரவேண்டும்.

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் மாடிப்படி பத்தொன்பது. இன்று காலை விழுங்கிய மாத்திரை ஆறு. (ஐந்துதான் என்கிறாள் மனைவி. அந்தக் கவலையிலேயே ரத்த அழுத்தம் ஏறியிருக்கும்.)

கள்ளக்குறிச்சியில் பத்தாம் வகுப்பு படித்தபோது கலைச்செல்வியின் பார்வைகளை எண்ணினேன். நாற்பது நாளில் பத்தொன்பது முறை எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்திருந்தாள். காதல்தான் என்று முடிவு கட்டினேன். அந்தப் பெஞ்சில் என்னோடு தனசேகரும் உட்கார்ந்திருந்தான் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அவன்தான் என் ஒரே நண்பன்.

அந்த வருடம் கல்வராயன் மலைக்குச் சுற்றுலா போனோம். நாற்பத்திரண்டு மாணவர்கள். தலை எண்ணும் வேலையைக் கணக்கு சார் என்னிடம் கொடுத்தார். (வேறு எந்தப் பதவியும் என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.)

அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது எண்ணினேன். நாற்பத்திரண்டு. "ரைட்!" என்றேன். வண்டி புறப்பட்டது. ஏழு வளைவு இறங்கியபின் கலைச்செல்வி எழுந்தாள்.

"சார், தனசேகர் இல்ல சார்!"

சொல்லும்போதே அழுதாள். வேறு யாரும் அழவில்லை. அதன் பொருளைக் கணக்குப் போட எனக்கு மேலும் இரண்டு வளைவு தேவைப்பட்டது.

"இன்னாடா எண்ணுன நீ?" என்றார் சார்.

"சரியா நாப்பத்திரண்டு சார்."

"எங்க, எண்ணிக் காட்டு."

காட்டினேன். விரல் தானாகக் கலைச்செல்வியிடம் போனது. "ஒண்ணு." பின்பக்கம் போய், அடுத்த வரிசை வழியாக முன்னால் வந்து, என்னையும் சேர்த்து, மறுபடி அவளிடமே வந்து நின்றேன். "நாப்பத்திரண்டு."

பேருந்தே சிரித்தது. சார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வளைவுல எங்க சார் திருப்பறது? அடிவாரம் போய்த்தான் திருப்பணும்" என்று ஓட்டுநர் என்னைப் பார்த்து முறைத்தார்.

மறுபடி ஏறினோம். அருவிக்குப் பக்கத்துச் சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் தனசேகர் தனியாக உட்கார்ந்திருந்தான். கையில் ஈரத்துண்டு. என் துண்டு.

"நீ மறந்துட்டுப் போனத எடுக்கத்தாண்டா போனேன். வேணும்னே வுட்டுட்டுப் போனியா?"

"இல்லடா, எண்ணுனேன்டா."

துண்டை என் மடியில் எறிந்துவிட்டு ஓட்டுநர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். திங்கட்கிழமை பெஞ்சு மாறினான். அதன்பின் கலைச்செல்வி எங்கள் பெஞ்சைப் பார்த்தது பூஜ்ய முறை.

அறுபத்து மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. பார்வைகளை எண்ணுவதை விட்டு இதை எண்ணினேன். மதியச் சோற்றைத் தனியாகத் தின்பதற்கு ஒன்பது நிமிடம்தான் ஆகிறது என்றும் கண்டுபிடித்தேன். அறுபத்து நான்காம் நாள் தூக்குவாளியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவள ரெண்டு தடவ எண்ணுனியாமே? கலைச்செல்வி சொல்லிச்சு."

தலையாட்டினேன்.

"என்ன ஒரு தடவகூட எண்ணலியேடா."

அவன் ஒரு முட்டையை என் பக்கம் தள்ளினான். அவன் வாளியில் இருந்ததே ஒன்றுதான்.

கலைச்செல்வி பிற்பாடு அவனைத்தான் கட்டிக்கொண்டாள். போன மாதம் இரு குடும்பமும் ஒரே வேனில் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போனோம். திரும்பும்போது தனசேகர் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"எண்ணுடா! மொதல்ல என்ன எண்ணு!"

"கலைச்செல்வி அக்காவ ஒருவாட்டி எண்ணுனா போதும்ங்க!" என்றாள் என் மனைவி.

வேனில் எல்லோரும் சிரித்தார்கள், ஓட்டுநர் உட்பட. அவருக்கும் யாரோ கதையைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். நான் தனசேகரிடமிருந்து தொடங்கினேன். பன்னிரண்டு பேர். சந்தேகத்துக்கு, கடைசியில் அவனையே இன்னொரு முறை எண்ணினேன்.

பதின்மூன்று வந்தது. பரவாயில்லை, பழைய பாக்கி.