கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எடுத்தவர்

மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், கம்ப்யூட்டரை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்த ஆள் ஒருவர்தான். அப்பா தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி; அதனால் இவரையும் மண்டோர் என்போம். சொந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

புக்கிட் ரோத்தானில் கடைவீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். டயாலிசிஸ் நோயாளிகளைத் தோட்டம் தோட்டமாக ஏற்றிவரும் வேன்களுக்கு நாங்கள்தான் புரோகிராம் எழுதினோம். கோளாறு வந்தால் டிபக்கரில் அதைப் பாதியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வேலைக்கு வந்த முதல் நாளே மண்டோர் அப்படி நிறுத்திப் பார்த்தார். திரை முழுக்க 'நோயாளி', 'நோயாளி' என்று இருபது வரி. ஒவ்வொன்றின் வாலிலும் புரியாத எண். மனுஷன் கொதித்துவிட்டார்.

"என்னா தம்பி இது? எங்கப்பா காலையில பெரட்டுல நின்னு கூப்பிட்டா, ஒவ்வொருத்தரும் பேரு, வீடு, வேலை சொல்லணும். இதுங்க எல்லாம் ஊமையா நிக்கிதே."

ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் வாய் முளைத்தது. நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிச் சொல்லும்படி மண்டோர் எழுதிவைத்துவிட்டார். 'வேன் மூன்று. பின்கதவை இழுத்துச் சாத்தவும். டிரைவரிடம் காலையில் பேச்சுக் கொடுக்கவேண்டாம்.' 'அஞ்சலை, கடைசி வீடு, நாய் கடிக்கும்.' காலி இடம்கூட 'இன்னிக்கு யாரும் வரல' என்றது.

எங்கள் முதலாளி மேடம் பார்த்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "மண்டோர், இது புரோகிராமா, காப்பிக்கடையா?"

"கேட்டா பதில் சொல்லுதுலா, மேடம். முன்ன சொல்லுச்சா?"

எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குள் அழிக்கச் சொன்னார் மேடம். நானும் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் போனில் அழுதாள். "அம்மாவ ரெண்டு தடவையா வேன் ஏத்தல. கால் வீங்கிருச்சு, மூச்சு வாங்குது." எங்கள் திரையிலோ லெட்சுமி, தகப்பன் பெயர் முனியாண்டி, இரண்டு தடவையும் வந்ததாக இருந்தது. புரோகிராம் சரி என்று நான் சத்தியம் செய்தேன்.

மண்டோர் புரோகிராமைப் படிப்படியாக நிறுத்திப் பெரட்டு எடுத்தார். முதலில் இரண்டு பேர் பதில் சொன்னார்கள். 'லெட்சுமி, கோயில் பக்கத்து வீடு.' 'லெட்சுமி, பாலத்தடி வீடு.' நான் எழுதிய ஒரு பகுதியைத் தாண்டியதும் பாலத்தடி லெட்சுமியைக் காணவில்லை. ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர் என்றால் தவறாக இரண்டுமுறை பதிந்தது என்று நினைத்து, ஒன்றை நீக்கும்படி எழுதியிருந்தேன். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் தோட்டத்திலேயே மூன்று லெட்சுமி, நான்கு முனியாண்டி. 

வேனுக்குக் காத்திராமல் மண்டோர் தன் காரிலேயே போய் அந்த அம்மாவைச் சிகிச்சைக்குக் கொண்டுசேர்த்தார். பிழைத்துக்கொண்டார்.

"இதை எழுதினது யாரு?" என்றார் மேடம். எழுதியவனைத் தேடி ஊழியர் பட்டியலைத் திறந்தார். என் பெயருக்கு நேரே மண்டோர் எப்போதோ எழுதிவைத்தது வந்தது: 'குமார். அவசரக்காரன். தப்ப சொன்னா அன்னிக்கே திருத்துவான். நம்ம பிள்ளை.'

மேடம் படித்தார். திரையை மூடிவிட்டுப் போனார்; வெள்ளிக்கிழமை அழித்தாயிற்றா என்று கேட்கவே இல்லை.

மண்டோர் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். புரோகிராமை இரண்டுமுறை மாற்றி எழுதியாகிவிட்டது. என் பெயருக்கு நேரே உள்ள அந்த ஒரு வரியில் மட்டும் நான் யாரையும் கைவைக்கவிடவில்லை.