எண்பத்துநாலு ஆத்துமாக்கள்

"வரட்டும்னு எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள் உபதேசியாரின் மனைவி சிந்தாமணி.

தர்மராஜ் உபதேசியார் கையிலிருந்த தபால் கார்டை மூன்றாவது தடவையாகத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்காதா என்ற நப்பாசை.

"நான் எங்க எழுதினேன்? பெரிய ஐயர் அவரே வர்றாரு. இந்த ஞாயித்துக்கிழமை. என் முறையை நேர்ல பார்த்துட்டு சபைப் பத்திரிகையில எழுதப் போறாராம்."

"என்ன முறைங்க?"

உபதேசியார் கார்டை மடித்தார். அது மடிக்கிற பொருள் அல்ல. நடுவில் உடைந்து நின்றது.

போன மாதம் திருச்சியில் லுத்தரன் சபைப் பாதிரிமாரான ஐயர்மாரும், அவர்களுக்குக் கீழே ஊர்ச் சபைகளைப் பார்க்கும் உபதேசிமாரும் கூடிய கூட்டம் ஒன்று நடந்தது. யுத்தம் தொடங்கி நாலு வருஷமாகியிருந்தது. ஊருக்கு ஊர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்துகொண்டே போகிறது, என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் விவாதம். மாஜிக் லாந்தரில் படம் காட்டலாம் என்றார் ஒருவர். ஆர்மோனியம் வேண்டும் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு ஆளாகப் பிடிக்க வேண்டுமா, தெருத் தெருவாகச் சேர்க்க வேண்டுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை பேசினார்கள்.

அதுவரை தர்மராஜ் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு இளவயது ஐயர் எழுந்து, "பிரசங்கத்தைப் பதினைந்து நிமிஷத்தில் முடித்தால் ஜனங்கள் தானாக வருவார்கள்" என்றார். அதுதான் பொறுக்கவில்லை.

"அரியலூருக்குத் தெற்கே ஆலம்பள்ளம்னு ஒரு ஊரு. அங்க என் சபையில எண்பத்துநாலு ஆத்துமா. ஞாயிறு தவறாம கோயில் நிறையுது. ஏன்? ஒண்ணேமுக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்றேன். பதினாலு தலைப்பு. ஆழமா உழுதாத்தான் பயிர் நிக்கும். இதுதான் முறை!"

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த இளவயது ஐயர் தலைகுனிந்து உட்கார்ந்தார். அரியலூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவரை தர்மராஜின் காதில் அந்தக் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

எண்பத்துநாலு என்பது பொய் இல்லை. சபைப் பதிவேட்டில் அத்தனை பெயர் இருந்தது. கோயில் நிறைகிறது என்பதுதான் பொய். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஒன்பது பேர். வெயிலானாலும் மழையானாலும் ஒன்பது பேர். யார் யார் என்று உபதேசியார் பார்ப்பதில்லை, தலையை எண்ணுவதோடு சரி.

மறுநாள் காலையிலேயே உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புரட்டாசி மாதம். ஊரே கடலைக்காட்டில் இருந்தது. வரப்பில் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த பூமாலை, அவரைக் கண்டதும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"தோத்திரங்க, உபதேசியாரே."

"தோத்திரம். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துடணும், பூமாலை. திருச்சியிலேர்ந்து பெரிய ஐயர் வர்றாரு."

"அப்படிங்களா! வந்துட்டாப் போச்சு." பூமாலைக்கு மெய்யாகவே சந்தோஷம்போலத் தெரிந்தது. "அப்ப இந்த வாரம் அவருதான் பிரசங்கம் பண்ணுவாருங்களா?"

"அவரும் பண்ணுவாரு, நானும் பண்ணுவேன்."

பூமாலையின் முகம் மாறியது. "மாட்டுக்குக் காலு சரியில்லீங்க" என்றாள்.

"மாட்டுக்குத்தானே? நீங்க நடந்து வாங்களேன்."

"அதுக்குப் பத்துப் போடணுங்களே. நாலு பேரு புடிச்சாத்தான் நிக்கும்."

அடுத்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வீட்டில் கிணற்றுக்குத் தூர் வாருகிறார்கள். எல்லோரும் மரியாதையாக நின்று பேசினார்கள், மோர் கொடுத்தார்கள், "பாக்கலாங்க" என்றார்கள். சாயங்காலத்துக்குள் ஐயர் வருகிற செய்தியைவிட வேகமாக, இரண்டு பிரசங்கம் என்ற செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்து, வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"ஏங்க, உள்ளதை உள்ளபடி ஐயருக்கு ஒரு கார்டு போட்டுடுங்களேன்" என்றாள் சிந்தாமணி.

"அத்தனை பேர் முன்னால சொல்லிட்டேனே!"

"வேணும்னா நான் போய் ஜனங்களைக் கூப்பிட்டுப் பார்க்கட்டுமா?"

"நானே கூப்பிட்டு வராதவங்க நீ கூப்பிட்டா வந்துடப் போறாங்களா? போய் வேலையைப் பாரு."

சிந்தாமணி முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சனிக்கிழமை உபதேசியார் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் சவரிமுத்துவைப் பார்க்கப் போனார். சவரிமுத்து கத்தோலிக்கர். மாதா கோயிலுக்குப் பேர்போன ஏலாக்குறிச்சிப் பக்கத்து மனிதர். இரண்டு பேருக்கும் பதினைந்து வருஷப் பழக்கம், அதில் பாதி வாக்குவாதம்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தர்மராஜுக்கு வேர்த்துவிட்டது. சவரிமுத்து சிரிக்காமல் கேட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எங்க ஆளுங்களைக் கொண்டாந்து உங்க கோயில்ல உக்கார வைக்கணும். அவ்வளவுதானே?"

"சும்மா உக்காந்தா போதும், வாத்தியாரே. வாயைத் திறக்க வேண்டாம்."

"எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்."

"தெரியாதுங்க."

"சரி, இருபது பேரைக் கூட்டியாறேன். பழகின தோஷம்."

ஒன்பதும் இருபதும் இருபத்தொன்பது. கோயிலில் அறுபது பேர் உட்காரலாம். பாதி காலியாக இருக்குமே என்று ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நின்று உபதேசியார் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வண்டிக்காரர் கொளஞ்சியப்பன் தெரு வழியே வந்தார். அவருடைய இரண்டு கூண்டு வண்டியிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பேரனுக்குக் காது குத்த குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட கூட்டம். பின்வண்டியில் ஒரு கிடா கட்டியிருந்தது.

"கொளஞ்சியப்பா! ஒரு உதவி. கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காந்துட்டுப் போறீங்களா?"

கொளஞ்சியப்பன் வண்டியை நிறுத்தினார். "என்னங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்ல, இல்ல. பெரிய ஐயர் வர்றாரு. கூட்டம் இருந்தா நல்லா இருக்கும்."

"அதுக்கென்னங்க! மாடும் இளைப்பாறினாப்புல இருக்கும்."

உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "நெத்தியில விபூதியை மட்டும் கொஞ்சம் துடைச்சுட்டா..."

கொளஞ்சியப்பன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ அசிங்கத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருக்கிற பார்வை.

"அது முடியாதுங்க. உக்காரச் சொன்னீங்க, உக்காருறேன். அதைச் சொல்லாதீங்க."

தர்மராஜ், "தப்பா எடுத்துக்காதீங்க" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

பெரிய ஐயர் அரியலூரில் ரயிலிறங்கி, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் ரோடு வரை வந்து, அங்கிருந்து நடந்து வந்து சேர்ந்தபோது அவருடைய வெள்ளை அங்கி சாம்பல் நிறமாகியிருந்தது. பஸ் மூன்று இடத்தில் நின்றுவிட்டதாம். உள்ளே எட்டிப் பார்த்தவர் அசந்துபோனார். பாயில் இடமில்லை. இருட்டான பின்சுவரோரம்கூட ஆட்கள்; கொளஞ்சியப்பன் கூட்டம் அங்கேதான் இருந்தது.

"தர்மராஜ்! நீர் சொன்னபோது நான் பாதிதான் நம்பினேன். என்னை மன்னியும்."

"ஐயோ, ஐயா, அப்படியெல்லாம்..."

சவரிமுத்துவோடு வந்தவர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு முழந்தாளிட்டதைப் பார்த்து ஐயர் புருவத்தை உயர்த்தினார். "நல்ல பக்தி" என்று சொல்லிக்கொண்டார். ஒரு கிழவி மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "மாதா சுரூபம் எங்க இருக்கு?" என்று சவரிமுத்துவைக் கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உம்முடைய முறையை ஆரம்பியும்" என்றார் ஐயர்.

தர்மராஜ் ஆரம்பித்தார். இந்த ஊருக்கு வந்த பதினைந்து வருஷத்தில் இத்தனை முகங்களை அவர் ஒன்றாகப் பார்த்ததில்லை. இரண்டாவது தலைப்பில் குழந்தை அழுதது. மூன்றாவதில் வெளியே கிடா கத்தியது. நாலாவது தலைப்பு பாதியில் இருக்கும்போது கொளஞ்சியப்பன் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாகக் கேட்டார்:

"இன்னும் எம்மா நேரமாகுங்க? பத்தரைக்குள்ள காது குத்தணும். நல்ல நேரம் தப்பிடும்."

பெரிய ஐயர் நிமிர்ந்தார். "இவர் யார்?"

தர்மராஜ் பிரசங்கக் குறிப்பைப் புரட்டினார்.

"உம்முடைய பெயர் என்ன?"

"கொளஞ்சியப்பனுங்க."

"ஸ்நானம் எப்போது?"

"காலையிலேயே வாய்க்கால்ல முங்கிட்டேனுங்க."

ஐயர் மெல்லத் திரும்பி, மெழுகுவர்த்திக் கிழவியைப் பார்த்தார். "நீங்கள் ஞானோபதேசத்தில் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் அம்மா."

கிழவி உற்சாகமாக, லுத்தரன் கோயிலில் யாரும் சொல்லாத மாதா மந்திரத்தைத் தொடங்கினாள். பழக்க தோஷத்தில் சவரிமுத்து கூட்டத்து இருபது பேரும் பின்பாதியை ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள்.

தர்மராஜ் பிரசங்க மேடையிலிருந்து இறங்கினார்.

"ஐயா, நான் சொன்னது பொய். இவங்க எல்லாம் எனக்காக வந்தவங்க. என் சபைக்கு வர்றவங்க ஒன்பது பேருதான். திருச்சியில பெருமைக்காகச் சொல்லிட்டேன்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களையும் அந்தப் பொய்க்குள்ள இழுத்துட்டேன். பெரியவங்க மன்னிக்கணும். கொளஞ்சியப்பா, காலையில நான் சொன்னதுக்கு உங்களுக்குத் தனியா கும்பிடு."

"அத விடுங்க" என்றார் கொளஞ்சியப்பன். போகும்போது அவர் உபதேசியாரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். சவரிமுத்து தன் ஆட்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். வண்டிச் சத்தம் தெருக்கோடியில் மறைந்தது.

கோயிலில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். சிந்தாமணி கதவோரம் நின்றிருந்தாள்.

பெரிய ஐயர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தர்மராஜுக்கு இருந்தது. ஐயர் அங்கியிலிருந்த கரியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லா ஊரிலும் இதே கதைதான். என் சொந்த ஊரிலும்தான். நீர் ஒருவர்தான் இல்லையென்றீர். அதனால்தான் ஆசையாக ஓடிவந்தேன்."

ஐயர் கடைசிக் கரியையும் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"போகட்டும். ஆனால் கணக்கு மெய்யாக இருக்க வேண்டும். பதிவேட்டைக் கொண்டுவாரும். வராதவர்களை அடித்துவிடுவோம். ஒன்பது பேர் என்றால் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு ஒரு உபதேசியார் அவசியமா என்பதையும் மேலிடம் யோசிக்கும்."

பதிவேடு வந்தது. ஐயர் பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தில் விரலை வைத்து உரக்க வாசித்தார்.

"பூமாலை. இவர்கள் வருவதில்லையா?"

"இல்லீங்க" என்றார் தர்மராஜ். "பூமாலை குடும்பம், ஆறு பேரு. மாட்டுக்குக் காலு சரியில்லையாம்."

பேனா முனை தாளைத் தொட்டது.

பாயின் கோடியில் இருந்த வீராயி சட்டென்று எழுந்தாள். பூமாலையின் மாமியார். கதவோரத்திலிருந்து சிந்தாமணி, வேண்டாம் வேண்டாம் என்று பதைத்துப்போய்க் கையை ஆட்டினாள். வீராயி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நேராக ஐயரின் முன்னால் வந்து பதிவேட்டின்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"எம் மருமவ பேரை அடிக்காதீங்க ஐயரே! புதன்கிழமையானா உபதேசியாரு கீழப்பழுவூருக்குப் போயிடுவாரு, அன்னிக்கு இந்த அம்மா வீட்டு வாசல்ல காமணி நேரம் வேதம் சொல்றதுக்கு எண்பத்துநாலு பேரும் தவறாம வந்துடுறோம்; ஞாயித்துக்கிழமைதான், பாவம், அவரு மனசு நோகக் கூடாதேன்னு வாரத்துக்கு ஒம்பது பேரா முறை போட்டு வர்றோம்!"