நடுவில் கொஞ்சம் இழுவை

புத்தகம் சம்பந்தப்பட்ட மனிதர்களில் மூன்று ரகம் உண்டு. படித்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் ஒரு ரகம். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. படிக்காமலும் பேசாமலும் இருப்பவர்கள் இன்னொரு ரகம். எண்ணிக்கையில் அதிகம், பெரும்பாலும் நல்லவர்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தை. இவர் புத்தகத்தை வாங்குவார், அட்டையைத் தடவுவார், நடுவில் விரித்து முகர்ந்து பார்ப்பார், உள்ளே நுழைவார், நுழைந்த சுருக்கில் வெளியே வந்துவிடுவார். வந்ததும் கருத்துச் சொல்வார். “மனசுல பட்டதைச் சொல்லிடுவேன், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது” என்பது அவர் பாட்டு. எந்தப் பக்கத்தில் பட்டது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஏனென்றால் நீங்களும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் அலுவலகத்தில் இவர் நிச்சயம் இருக்கிறார். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. என் மனைவியின் தம்பி.

கதை, கவிதைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நடக்காத விஷயத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் நிஜம்: ஓய்வுபெற்ற கோல்கீப்பரின் சுயசரிதை, நடிப்பை விட்ட நடிகையின் நினைவுக் குறிப்புகள், மூன்று முறை திவாலாகி நான்காவது முறை எழுந்த முதலாளியின் வரலாறு, இவற்றுக்கு நடுவே மாறுதலுக்காக நிலநடுக்கத்தைப் பற்றியோ எறும்புகளைப் பற்றியோ யாராவது விஞ்ஞானி பாடுபட்டு எழுதியது. போன மாதம் வெளிவந்தது இந்த மாதம் அவர் கையில் இருக்கும். அடுத்த மாதம் மேசைக் கால் ஆடாமல் இருக்க உதவும்.

படிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருக்கிறது. முதலில் புகைப்படங்கள். பிறகு கடைசிப் பக்கம். பிறகு நன்றி சொல்லும் பக்கம். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க மாட்டார், யார் பெயர் இல்லை என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முதல் அத்தியாயம். கதாநாயகனுக்கு எட்டு வயது ஆகும்வரை கூடவே போவார். ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அவரை எதிர்பார்க்க முடியாது. அதற்குள் தீர்ப்பு தயாராகிவிடும். கோல்கீப்பரா? “அம்மாவைப் பத்தி அம்பது பக்கம், பொண்டாட்டிக்கு நாலு வரி. அங்கே ஏதோ இருக்கு.” நடிகையா? புத்தகம் ஒல்லியாக இருந்தால் மறைத்துவிட்டார், தடியாக இருந்தால் அளந்துவிட்டார். நிலநடுக்கமா? பயமுறுத்துகிறாரே தவிர ஒரு வழி சொல்லவில்லை. எறும்பா? எறும்பைப் பற்றி எழுத வந்தவர் எதற்காகத் தன் விவாகரத்தைப் பற்றி எழுதுகிறார்? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு முத்திரை உண்டு: ஆரம்பம் பிரமாதம், முடிவு அவசரம், நடுவில் கொஞ்சம் இழுவை.

இதில் இருக்கிற சாமர்த்தியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நடுவில் இழுவை என்று சொன்னவரோடு சண்டைக்கு வர வேண்டுமானால் நடுவைப் படித்திருக்க வேண்டும். யார் வருவார்கள்? பதினைந்து வருடமாக ஒருவரும் வரவில்லை.

அவர் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. சுவரில் எழுத்துப் பலகை, மேசையில் லென்ஸ் பெட்டி, ஓரத்தில் முகவாயை வைத்து நெற்றியை முட்டுக்கொடுத்துக் கண் சோதிக்கும் அந்த இயந்திரம். முகவாயை அதில் வைத்துவிட்ட மனிதனால் தலையாட்டக்கூட முடியாது. இதைவிட நல்ல சபை எந்தப் பேச்சாளருக்குக் கிடைக்கும்? இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுகிற இடைவெளியில் கோல்கீப்பரின் இல்லறத்தை அலசி முடித்துவிடுவார். கிட்டப்பார்வைக்காக வந்தவர்கள் பலருடைய அந்தரங்கத்தைத் தெரிந்துகொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஊரார் சுயசரிதையை எல்லாம் அளக்கிற அவருடைய சொந்த சரித்திரத்தில் ஒரே ஒரு அத்தியாயம்தான் உண்டு. இருபத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து கழுத்தில் அடிபட்டு, நினைவில்லாமல் ஆம்புலன்ஸில் போனார். பிழைத்தார். கழுத்து இன்றைக்கும் இடது பக்கம் முழுதாகத் திரும்பும், வலது பக்கம் முக்கால் பாகம் திரும்பும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏற்றிய நேரமும் இறக்கிய நேரமும் எழுதியிருந்தன. எட்டு நிமிடத்தில் போக வேண்டிய இடத்துக்குப் பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. போதாதா? “எவனோ வழி தெரியாதவன் ஓட்டியிருக்கான். அவனை வேலைக்கு வெச்சதே தப்பு” என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டில் சொல்வார், துக்க வீட்டில் சொல்வார், சாப்பாட்டு மேசையில் தன் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு சொல்வார். அவர் அக்கா, அதாவது என் மனைவி, அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவாள்.

அவளும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்தான். போன வருடம் ஓய்வு பெற்றாள்.

ஓய்வு பெற்றவுடன் எழுத உட்கார்ந்தாள். யார்தான் எழுதவில்லை, நீயும் எழுது என்று ஊக்கப்படுத்தியவர் தம்பிதான். ஏழு மாதம் எழுதினாள். தட்டச்சு செய்து பிழை பார்த்தது நான். பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. ஒற்று விட்டுப்போனால் உயிர் போனதுபோல் துடிப்பேனே தவிர, புத்தகம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது என் ரகத்தின் வியாதி, அதை வேறொருவர் எழுதட்டும்.

இருநூறு பக்கம் வந்தது. நடுவில், எண்பத்து நாலாம் பக்கம் தொடங்கி முப்பது பக்கத்துக்கு ஓர் அத்தியாயம். அவள் வேலையில் சேர்ந்த முதல் வருடம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்து, விபத்து நடந்த இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், சாலையில் கிடப்பது அவள் தம்பி. சொந்த ரத்தமானால் ஓட்டக் கூடாது, உடனே சொல்லி வேறு ஓட்டுநரை வரவழைக்க வேண்டும் என்பது விதி. வேறு வண்டி வர இருபது நிமிடமாகும். அவள் சொல்லவில்லை. பின்னால் இருந்த உதவியாளரும் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு நிமிடக் குறுக்குச் சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் குலுக்கலில் கழுத்தெலும்பு என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். ரயில் பாதையை ஒட்டின சுற்று வழியில் போனாள். பின்பக்கம் தெரியும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு, பத்தொன்பது நிமிடமும் ஒரு தடவைகூடத் திரும்பாமல் ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பமும், எந்த இடத்தில் எவ்வளவு பிரேக் மிதித்தாள் என்பதும் அந்த முப்பது பக்கத்தில் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் வீட்டில்கூட மூச்சுவிடவில்லை. என்னிடமே கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

ஆகவே, அச்சுக்குப் போகுமுன் தாள்கட்டைத் தம்பியிடம் கொடுத்தாள். “நீதான்டா முதல்ல படிக்கணும். படிச்சிட்டு மனசுல பட்டதைச் சொல்லு” என்றாள். இருநூறு பக்கத்தையும் அவள் எழுதியதே அந்தப் பத்தொன்பது நிமிடத்தை அவரிடம் சொல்வதற்காகத்தானோ என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஐந்து வாரம் வைத்திருந்தார். அந்த ஐந்து வாரமும் தொலைபேசி அடித்தால் அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள்கட்டோடு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டார்.

“ஆரம்பம் பிரமாதம்க்கா. முடிவு கொஞ்சம் அவசரம். நடுவுலதான் இழுவை. ஒரு முப்பது பக்கத்தைத் தூக்கிட்டா புத்தகம் பறக்கும்.”

“எந்த முப்பது?”

பதினைந்து வருடத்தில் அவரை யாரும் கேட்காத கேள்வி. ஆனாலும் அசரவில்லை. கட்டைவிரலால் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி ஓட்டினார், பாதியில் ஓர் அத்தியாயத் தலைப்பில் நிறுத்தினார், ஒரு பார்வை பார்த்தார். “இதோ. எம்பத்து நாலுலேருந்து நூத்துப் பதிமூணு வரைக்கும். ஒரே ரோடு, திருப்பம், மறுபடி ரோடு. யாருக்குக்கா இதெல்லாம் வேணும்?”

“வேண்டாங்கிறியா?”

“மனசுல பட்டதைச் சொல்றேன். வேண்டாம்.”

அவர் போன பிறகு தாள்கட்டைப் புரட்டினேன். என் தொழிலில் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் பன்னிரண்டு தாளிலும் கடைசி இரண்டிலும் விரல் பட்டிருந்தது. மற்றவை என் கையிலிருந்து போனபடியே திரும்பியிருந்தன. உன் தம்பி படிக்கவே இல்லை என்றேன். அவள் கேட்கவில்லை. “பக்க நம்பரோட சொல்றான், படிக்காமலா சொல்லுவான்? படிச்சிட்டான். படிச்சிட்டு யாருக்கு வேணும்னு கேக்கறான்” என்றாள். முப்பது தாளையும் தனியே எடுத்துப் பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்தாள். நானும் கடமை தவறாமல் பக்க எண்களை மாற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம். தம்பி வந்தால் நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்து வழி தெரியாத டிரைவரைப் பற்றி அவர் ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். வேண்டுமென்றே சொல்கிறார் என்று நினைத்தாள். அவளுக்கு வலித்தது, எனக்கும் அவளைப் பார்க்க வலித்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. “அக்கா ஏன் அத்தான் ஒரு மாதிரியா இருக்கு? புத்தகம் வரப் போற டென்ஷனா?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் மச்சான் என்றேன்.

புத்தகம் வந்தது. முதல் பிரதியை அவர் கையில்தான் கொடுத்தாள். எங்கள் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து தன் முறைப்படி ஆரம்பித்தார். புகைப்படங்கள் நாலே நாலு. எதிலும் அவர் இல்லை. கடைசிப் பக்கம். நன்றிப் பக்கம்: கட்டுப்பாட்டு அறை நண்பர்கள், வண்டியைப் பழுது பார்த்தவர், நான். மறுபடி ஒரு தடவை மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். முகம் வாடிவிட்டது. எத்தனையோ கோல்கீப்பர்களின் மனைவிகளுக்காக வருந்திய மனிதர்; முதல் தடவையாகத் தனக்காக வருந்தினார்.

“என்னைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேக்கா.”

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“நீ படிக்கவே இல்லையாடா?”

அவர் வாயைத் திறந்தார். மனசில் பட்டதைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார்.

அவள் உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான்கு மாதக் கோபம் ஒரு நொடியில் இறங்கிவிட்டது அவள் நடையிலேயே தெரிந்தது. படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன தம்பியைவிடப் படிக்காத தம்பி எவ்வளவோ மேல். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் முப்பது தாளையும் அவர் மடியில் வைத்தாள். “முழுசா படி” என்றாள்.

அவர் வாங்கினார். வாங்கியவர், நான் கண்ணால் பார்த்தேன், முதலில் கடைசித் தாளைத்தான் திருப்பினார். படித்தார். பிறகு அவர் எந்தப் புத்தகத்துக்கும் செய்யாத ஒன்றைச் செய்தார். முதல் தாளுக்குப் போய் ஒவ்வொன்றாக வந்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. டீ ஆறிப்போனது. நடுவே இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கடைக்காரர், லென்ஸில் தூசி பொறுக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டேன்.

முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். அக்கா வலது பக்கம் நின்றிருந்தாள். முக்கால் பாகம்தான் திரும்பும் கழுத்தை முடிந்தமட்டும் திருப்பினார்.

“சுத்திதான் போயிருக்கே” என்றார்.

“ஆமாடா” என்றாள்.

அந்த முப்பது தாளையும் அவரே எடுத்துக்கொண்டு போய்த் தன் பிரதியின் நடுவில் வைத்துத் தைத்துக்கொண்டார். கடையில் இப்போது முகவாயை வைத்தவர்களிடமெல்லாம் அந்தப் புத்தகத்தைத்தான் சொல்கிறார்: விஷயமே நடுவில்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் வாங்குகிற பிரதியில் அது இருக்காது. அவர்கள் தலையாட்ட முடியாமல் கேட்டுக்கொள்கிறார்கள். வழி தெரியாத டிரைவர் மட்டும் ஊரைவிட்டே போய்விட்டான்.

மனிதர் திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். போன வாரம் ஒரு பாடகரின் சுயசரிதை வாங்கினார். ஆரம்பம் பிரமாதமாம், முடிவு அவசரமாம். நடுவைப் பற்றி நான் கேட்கவில்லை.

உங்களிடம் வேண்டுமானால் ஒன்று கேட்கிறேன். அவள் ஏன் சுற்று வழியில் போனாள்? நான் சொல்லியிருக்கிறேனே, நடுவில். சட்டென்று ஞாபகம் வராதவர்கள் மேலே போய்த் தேடிக்கொள்ளலாம், யாரும் பார்க்கவில்லை. எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்வீர்களானால், கடை விலாசம் தருகிறேன்.