என் மேல் வந்திருப்பது கிருமியா, கங்கம்மாவா?

சௌபாக்கியவதி மகள் காஞ்சனாவுக்கு, விஜயபுரத்திலிருந்து நைனா செங்கல்வராயன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சித்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் யஸ்வந்தும் சுகமாக இருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். நான் சுகமா என்றால், அது ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதிரியும் உன் அம்மாவுக்கு ஒரு மாதிரியும் தெரிகிறது. எனக்குத்தான் விளங்கவில்லை. போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். திருமலையில் யஸ்வந்துக்கு மொட்டை அடிக்கும்போது, உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் இடத்தில் நானே உட்காருவேன், என் அண்ணன் மகன் வெங்கட் வேண்டாம் என்று அடம்பிடித்து, அதற்குப் பட்டுக்கரை வேட்டிகூட எடுத்துவிட்டேன் அல்லவா? அது வேண்டாம் தாயி. வெங்கட்டே உட்காரட்டும்.

காரணத்தைக் கேள். திருப்பதியில் டயாலிசிஸுக்குப் போகிறேனே, அங்கே எங்கள் எல்லோருக்கும் ஒரு பரிசோதனை. பஞ்சு சுற்றிய குச்சியை மூக்கில் விட்டார்கள். இன்னொரு குச்சியை எங்கே விட்டார்கள் என்று பெற்ற மகளுக்கு எழுத முடியாது. ரிசல்ட் வந்ததும் என் கட்டில் கோடிக்குப் போய்விட்டது, தலைமாட்டில் ஒரு மஞ்சள் அட்டை. நர்ஸ் ரேஷ்மா கையுறையோடு வந்து, "தாத்தா, உங்க குடல்ல ஒரு கிருமி குடியிருக்கு. ஆன்டிபயாடிக்குக்கு லேசுல அடங்காது" என்றாள்.

"ஐயோ, அப்ப நான் போய்டுவனா?"

"ஏமீ காது தாத்தா, ஒண்ணும் ஆவாது. கிருமிதான் இருக்கு, நோவு இல்ல."

"மருந்து?"

"இப்ப வேணாம்."

"எப்ப போவும்?"

"தானா போனா போவும். மாசக்கணக்குலகூட இருக்கும்."

இருக்கிறதாம், ஆனால் இல்லையாம். எட்டாவதோடு நின்ற மூளைக்கு இது தாங்குமா? மருந்துக்கே அடங்காத ஒன்று என் வயிற்றில் இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உன் அம்மாவுக்கு அடங்கியே காலம் தள்ளியவன் அல்லவா நான்!

அதை அப்படியே அவளிடம் சொன்னதுதான் தப்பு. "மருந்து கூடாது, தனியா இருக்கணும், தானா எறங்கணும்னா வேற இன்னாய்யா? அம்மை போடற கங்கம்மா வந்துகீறா!" என்று உன் அம்மா ஜெயம்மா வாசலில் வேப்பிலை கட்டி, குழம்புக்குத் தாளிப்பதை நிறுத்தி, என்னை வேப்பிலை மேல் படுக்க வைத்துவிட்டாள். கங்கம்மாவிடம் உத்தரவு கேட்டு, இடுப்பில் வேப்பிலை சொருகித்தான் டயாலிசிஸுக்கு அனுப்புகிறாள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு எனக்கு ஒருவனுக்கே. எதிர்வீட்டு லட்சுமம்மா இளநீரோடு வந்து நின்றாள். "எனக்குத் தண்ணியே அளவுதாம்மா, எளநி ஆவவே ஆவாது" என்றேன். "உனுக்கா குடுக்கறேன்? அம்மாவுக்குக் குடுக்கறேன், பேசாத குடி!" என்றாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அம்மா கோபமாக ஆடுகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் பூச்சி, வீட்டில் சாமி. இரண்டு இடத்திலும் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

பேரனைத் தூக்கலாமா என்று ரேஷ்மாவைத் தனியாகக் கேட்டேன். "சோப்பு போட்டுக் கை கழுவினு தாராளமா தூக்குங்க தாத்தா. ஊசி போடற கையில மட்டும் வெயிட்டு வேணாம்" என்றாள். ஆனால் வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பச்சை உடம்பு, சவரக்கத்தி, ஒரு கீறல் விழுந்து, என்னால் ஏதாவது ஆகிவிட்டால்? அவள் சொன்னதை நம்புகிறேன், அதைக் கேட்ட என் காதைத்தான் நம்ப முடியவில்லை. கங்கம்மா இறங்காமல் மலை ஏறக் கூடாது என்று ஜெயம்மாவும் சொல்லிவிட்டாள். அதனால் நான் மலையடிவாரத்தில் அலிபிரியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இறங்கி வரும்போது அந்த மொட்டைத் தலையைத் தூரத்திலிருந்து காட்டினால் போதும். வேட்டியையும் வெங்கட்டுக்கே கொடுத்துவிடுகிறேன். அவன் தொப்பைக்கு எட்டாது, சமாளிக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு மரியாதை. பேரனுக்கு, கை படாத முத்தம்.

இப்படிக்கு,
உன் நைனா

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் உன் அம்மா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். நான் அலிபிரியில் உட்காரும் இடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கச்சிய்யா. அண்ணன் ஊட்டுக்குப் போறதுக்கு அவளுக்கு எவன் உத்தரவு குடுக்கணும்? வெங்கட்டு மடியில எந்தச் சாமி கீது, சொல்லு!" என்று உனக்குப் போன் போட்டாள். நீயோ விஷயம் காதில் விழுந்து ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ரேஷ்மாவிடம் பேசிவிட்டாயாம், கையைக் கழுவினால் போதும் என்றாயாம். ஆஸ்பத்திரி சரி என்கிறது, அம்மனும் சரி என்கிறாள், வேண்டாம் என்றவன் நான் ஒருவன்தான். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதே. வேட்டி என்னுடையதே. வரும்போது பெரிய சோப்பாக ஒன்று வாங்கி வா. அலிபிரியிலேயே கழுவ ஆரம்பித்துவிடுகிறேன்.