உன் அத்தான் தேர்தலில் நிற்பது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தால் விஷயத்துக்கு வந்து சேர முடியாது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். போனில் சொல்லிவிடலாம் என்றால் போன் இப்போது தேர்தல் அலுவலகத்தின் சொத்து. அந்த அலுவலகம் வேறெங்கும் இல்லை, நம் வீட்டு முன்னறைதான். சோபாவை நிமிர்த்திக் குளியலறைக்குப் போகும் வழியில் சாத்தியிருக்கிறார்கள். குளிக்கப் போகிறவர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. கல்யாணப் போட்டோ மாட்டியிருந்த ஆணியில் தொகுதி வரைபடம் தொங்குகிறது.

ஆமாம், உன் அத்தான் சட்டமன்றத்துக்குப் போட்டியிடுகிறார். சுயேச்சையாக.

எல்லாம் அந்தத் தண்ணீர்த் தொட்டியால் வந்த வினை. தெருமுனைத் தொட்டி போன வருஷம் பிளந்துகொண்டது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து நாங்கள் குடத்தோடு மெயின் ரோட்டுக்கு நடக்கிறோம். இவர் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனார். காலை முழுக்க அங்கே பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறார். எம்.எல்.ஏ. பின்வாசல் வழியாக எப்போதோ போய்விட்டார் என்று தரை துடைக்க வந்த அம்மாள் சொன்ன பிறகுதான் எழுந்தாராம். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "நான் நிக்கப்போறேன்" என்றார். "நல்லா நில்லுங்க, அவ்வளவு நேரம் உக்காந்தா கால் மரத்துத்தான் போகும்" என்றேன். "தேர்தல்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. மறுநாளே மனு கொடுத்துவிட்டார்.

ராணுவத்தில் இருந்தவர் என்றதும் ஊரார் துப்பாக்கியையும் பதுங்குகுழியையும் நினைத்துக்கொள்கிறார்கள். இவர் இருந்தது வண்டிப் பட்டறையில் என்பது உனக்குத் தெரியும். எதிரியை இவர் கண்ணால் பார்த்ததில்லை, லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்? ஆனால் பட்டறையில் இவர் 'அந்த ஸ்பேனர்' என்றால் நாலு பேர் ஓடிவருவார்களாம். அந்த நாலு பேரில் ஒருவர்தான் இப்போது இவருடைய தேர்தல் ஏஜென்ட். தொண்டை பெரிசு என்பதால் பட்டறையில் பீரங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொண்டை இன்னும் அப்படியே இருக்கிறது, காதுதான் போய்விட்டது. நம் வீட்டுப் போனை எடுப்பவர் அவர்தான். நீ நாலு தடவை கூப்பிட்டிருக்கலாம். அவர் உன்னிடம் ஓட்டுக் கேட்டுவிட்டு வைத்திருப்பார்.

ஓட்டுக் கேட்கப் போகிற அழகைச் சொல்கிறேன் கேள். இருட்டுப் பிரிவதற்குள் போய்க் கதவைத் தட்டுகிறார். துண்டோடு வந்து கதவைத் திறக்கிற ஆளிடம், "இன்னுமா தூங்குறீங்க?" என்கிறார். கும்பிடு கிடையாது, வாக்குறுதி கிடையாது. நேரே உள்ளே போய்ப் பார்வையிடுகிறார். நம் எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவியிடம், "இந்தக் குழாய் ஒழுகுறது அரசாங்கத்தோட தப்பு இல்லம்மா, உங்க தப்பு" என்றிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் மனசு கேட்காமல், டவுசர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தானே சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். மறுநாள் அடுத்த தெருவில் மோட்டார். அதற்கடுத்த தெருவில் இரண்டு மின்விசிறி, ஒரு தையல் மிஷின், ஸ்டார்ட் ஆகாத ஒரு ஸ்கூட்டர். வேட்பாளர் எப்போது வருவார் என்று ஜனங்கள் பழுதான சாமான்களை வாசலில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். சாயங்காலம் உடம்பெல்லாம் கிரீஸோடு வந்து, "ஆதரவு பெருகுது" என்கிறார். நம் வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரே ஓட்டு, அதுவும் எப்படியும் தனக்குத்தான் என்று நினைத்துவிட்டார் போல.

உண்மையான நிலவரத்தைத் தையல்காரர் மனைவிதான் குடம் நிரம்பும்போது என் காதோடு சொன்னாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கமாட்டாரு. அதான் எங்க தெருவுல எல்லாரும் பழைய ஆளுக்கே போடுறதா இருக்கோம்."

"அது எப்படிம்மா?"

"அண்ணன் ஜெயிச்சுத் தலைநகரத்துக்குப் போயிட்டா, எங்க மோட்டாரை யாரு பாப்பாங்க?"

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். பீரங்கி மைக்கைப் பிடித்து, "நெஞ்சில் குண்டு தாங்கிய வீரர்" என்று ஆரம்பித்துவிட்டார். இவர் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, "குண்டெல்லாம் படல. ஜாக்கி நழுவி ஒரு தடவ கால்ல விழுந்துச்சு. அவ்வளவுதான்" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். "ஜெயிச்சா என்ன செய்வீங்க?" என்று ஒருவர் கேட்டார். "தெரியாது. உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து மைக் செத்துப்போனது. வேறு யாராவது என்றால் சத்தம் போட்டுப் பேசியிருப்பார்கள். இவர் மேடையைவிட்டு இறங்கி ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. "அண்ணி, நாலு வார்த்தை பேசுங்க" என்று பீரங்கி என்னை இழுத்து மைக் முன்னால் நிறுத்தினார். எனக்கு வந்த கோபத்தை எல்லாம் அவரிடம் கொட்டினேன். அவருக்குக் காது கேட்காதே, அதனால் கத்திக் கொட்டினேன். "என்னத்தப் பேசச் சொல்றீங்க? தொட்டி உடஞ்சு ஒரு வருஷமாச்சு. குடத்தத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. கேக்கப் போன மனுஷன பெஞ்சுல உக்காரவெச்சுட்டு அந்த ஆளு பின்பக்கமா ஓடுறான். ஓட்டுக் கேக்க மட்டும் முன்வாசல் தெரியுதா? இந்த மனுஷனுக்குப் பேசத் தெரியல. பேசத் தெரிஞ்சவன்லாம் என்னத்தக் கிழிச்சான்?" நடுவில் எங்கேயோ மைக்குக்கு உயிர் வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மைதானம் முழுக்கக் கைதட்டல் எழுந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார்கள். இவர் மேடைக்குக் கீழே மண்டிபோட்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்க்ரூடிரைவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. சாப்பாடு பாதி தட்டிலேயே கிடக்கிறது. ஓட்டுக் கேட்கவும் போவதில்லை. தம்பி, நான் இவ்வளவு நேரம் கேலியாக எழுதினேன், ஆனால் உள்ளுக்குள் பயம்தான். வாழ்க்கை முழுக்க 'சரி சார்' என்ற வார்த்தையை மட்டுமே கேட்டுப் பழகின மனுஷனுக்கு, இந்த ஊரே சேர்ந்து 'வேண்டாம்' என்று சொல்லப்போகிறது. அதுவும் பிரியத்தினால் சொல்லப்போகிறது. அதை அவர் எப்படித் தாங்குவார்? நான் சொன்னால் கேட்கமாட்டார். உன் மேல் அவருக்கு மரியாதை உண்டு. நீ உடனே புறப்பட்டு வந்து, எதையாவது சொல்லி மனுவை வாபஸ் வாங்க வை. வாபஸுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். அரசியல் நம் குடும்பத்துக்கு வேண்டாம். நமக்கு அது ஒத்துவராது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீடூழி வாழ்ந்து, எந்தத் தேர்தலிலும் நிற்காமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது இவர் வெளியிலிருந்து வந்தார். மனுவை வாபஸ் வாங்கிவிட்டாராம். எனக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. "என்னோடத மட்டும்" என்றார். தன் மனு தள்ளுபடியானால் கைவசம் இருக்கட்டும் என்று மாற்று வேட்பாளராக என் பெயரிலும் ஒரு மனு கொடுத்திருக்கிறார். ஏதோ பென்ஷன் காகிதம் என்று நினைத்து நானும் சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "நான் போனா ஃபேனக் காட்டுறாங்க, மோட்டாரக் காட்டுறாங்க. நீ பேசினப்ப யாரும் எதையும் காட்டல, நின்னு கேட்டாங்க. ரெண்டு நாளா அதையேதான் யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார். முடியவே முடியாது, நானும் வாபஸ் வாங்குகிறேன் என்றேன். "இன்னிக்கு மூணு மணியோட நேரம் முடிஞ்சுபோச்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டு மத்தியானம் மிச்சம் வைத்த சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஆகவே நீ வா, ஆனால் மேலே எழுதியதற்காக வேண்டாம். துண்டுப்பிரசுரம் கொடுக்க ஆள் போதவில்லை. உன் மனைவியையும் அழைத்து வா, அவள் நன்றாகப் பேசுவாள்.

சற்றுமுன் தையல்காரர் வந்திருந்தார். "நீங்க ஜெயிச்சா தொட்டி கட்டாயம் வந்துரும் இல்லக்கா?" என்றார். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கண்டிப்பா ஆவன செய்வோம்" என்று வந்தது. அவர் திருப்தியாகப் போய்விட்டார். அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்ததுதான், தம்பி, எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.