பம்புக்காரன் பிடுங்கித் தந்த பியூஸ்

எதிர் வீட்டுக்காரன் காலில் கத்தி வைத்த கதை உங்களுக்கு எதற்கு? அடுப்பில் பால் பொங்குதா, போய்ப் பாருங்கள். போக மாட்டீர்களா? சரி, கேளுங்கள்.

நெய்வேலியில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறேன். பம்புக்காரனுக்கு ஈடு ஒருத்தரும் இல்லை. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்பில் அவனுக்கு வேலை. பெண்டாட்டி போன பிறகு எதிர் குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை. அவனுக்கு உலகமே குழாய்தான். ஏப்பம் விட்டால்கூட "லைன்ல காத்து ஆயா" என்பான்.

கொஞ்ச நாளாகப் பால் வாங்கப் போகையில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாடா, பல்பு திருடப் போறியா?"

"செக் பண்ணிக்கினு இருக்கேன் ஆயா."

கெண்டைக்கால் வலி தாங்காமல்தான் நிற்கிறான் என்பது கால் கட்டைவிரல் கறுத்த பிறகே தெரிந்தது. பீடிக்கட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். "பலூன் விட்டு விரிக்கலாம். ஆனா உங்க அடைப்பு ரொம்ப நீளம், நிக்காது. உங்க கால்லயே ஓரமா ஓடுற குழாய் ஒண்ணை எடுத்து, அடைப்பைத் தாண்டி பைபாஸ் வெக்கலாம். தள்ளிப்போட்டா காலையே எடுக்கணும்."

பம்புக்காரன் கேட்டான்: "லைனைத் திறக்கறப்போ மோட்டாரை நிறுத்துவீங்களா சார்?"

"உங்க இதயமா? அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். வெட்டுற இடத்துல மட்டும் கிளிப் போட்டுக்குவோம்."

அவன் முகம் வெளுத்தது. சுரங்கத்தில் குழாயைப் பிரிக்கிறவன் முதலில் மோட்டார் பியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். வேலை முடியும் வரை வேறு யாரும் மோட்டாரைப் போட முடியாது.

ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது தன் வீட்டு பியூஸ் கட்டையை என் கையில் வைத்தான்.

"எதையாவது புடுங்கி வெச்சாத்தான் ஆயா எனக்குத் தைரியம். யார் கேட்டாலும் தராதே. நானே நடந்து வந்து வாங்கிக்கிறேன்."

"நடக்காட்டி?"

கேலியாகத்தான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அந்த வீடு இருண்டு கிடந்தது. "பாக்கவே பகீர்ங்குது ஆயா, பியூஸைப் போட்டுடுங்க" என்றார்கள் அக்கம்பக்கத்தார். நான் தரவில்லை. முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டேதான் தூங்கினேன்.

ஒரு நாள் சாயங்காலம் தெருமுனையிலேயே ஆட்டோவை விட்டு இறங்கினான். கைத்தடியை ஊன்றி மெதுவாக என் வாசல் வரைக்கும் வந்து கையை நீட்டினான். முடிச்சு அவிழ நேரமானது. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தேன்.

அவன் வீட்டில் விளக்கு எரிந்ததும் அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள்.

"கால் எப்படிங்க இருக்கு அவருக்கு?"

"அந்தப் பய திமிரைப் பாருங்கடி" என்றேன். "வழியில ஒரு கம்பத்தைக்கூட அண்ணாந்து பாக்காம வந்துட்டான்."