கம்பளத்தின் மேல் எண்ணூர்த் துறைமுகம்

ராணுவத்தை விட்டு வந்தவனுக்கு நம் ஊர் மரியாதையாக ஒன்று தரும்: ஏதாவது ஒரு வாசலில் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை பேருந்தில் போகும்போது எண்ணிப் பார்த்தேன். வங்கி, நகைக்கடை, குடோன் என்று பதினோரு நாற்காலிகள். (பன்னிரண்டாவது காலியாக இருந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.)

அந்த நாற்காலிக்குப் பயந்துதான் நாற்பத்தேழு வயதில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். வகுப்பில் என்னைவிட மூத்தது சுவர்க் கடிகாரம் மட்டும்தான்.

கடைசி ஆண்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பிராஜெக்ட் செய்ய வேண்டும். என்னோடு வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகள் நஸ்ரினும், திருவொற்றியூர்க் குப்பத்துப் பிரபுவும். எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் காத்துக் கிடக்கின்றனவே, அந்த வரிசையைக் குறைப்பது எப்படி என்பது தலைப்பு. ராணுவத்தில் நான் சரக்குப் பிரிவு. பனிமலையிலேயே லாரிகளை நகர்த்தியவன். தேர்வாளராக வருபவர் ஒரு கன்டெய்னர் யார்டின் மேலாளர். அவருக்குப் பிடித்துவிட்டால் யார்டு அலுவலகத்தில் மேசை கிடைக்கும் என்று பேச்சு. வாசலில் அல்ல, உள்ளே!

நஸ்ரின் மூன்று வாரம் உட்கார்ந்து லேப்டாப்பில் ஸ்லைடுகள் தயாரித்திருந்தாள். எனக்குத் திருப்தியில்லை. படையில் எந்த நடவடிக்கைக்கு முன்பும் தரையில் மண்ணைக் கொட்டி, மலை, ஆறு, சாலையோடு அந்த இடத்தையே சின்னதாகச் செய்து, குச்சியால் தொட்டுக் காட்டித்தான் விளக்குவார்கள். எனவே தேர்வு நாளன்று விடிந்ததும் திருவொற்றியூர்க் கரையில் எட்டு மூட்டை மண் அள்ளி, லோடு ஆட்டோவில் ஏற்றிப் போய், கல்லூரிக் கூடத்தின் புதுக் கம்பளத்தின் மேல் எண்ணூரைக் கொட்டினேன். நீலக் கோலப்பொடிதான் கடல். தீப்பெட்டிகள்தான் லாரிகள். (நூற்றிருபது. இரண்டு முறை சரிபார்த்தேன்.)

உள்ளே வந்த பிரபு மூக்கைப் பொத்திக்கொண்டான். “இன்னா நைனா இது, பீச்சயே தூக்கினு வன்ட்டியா? கவுச்சி அடிக்குது!”

“அங்கிள், என் ஸ்லைடு?” என்றாள் நஸ்ரின்.

“லேப்டாப்பை மூடு. இது ஆர்டர்.”

மேலாளர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை. நான் விறைப்பாக நின்று, குச்சியை நீட்டி, “இது வடக்கு” என்றேன். துறைமுக வாயிலில் மண் அசைந்தது. ஒரு நண்டு எழுந்து, நான்கு லாரிகளைக் கவிழ்த்துவிட்டு வெளியேறியது. பின்னாலேயே இன்னும் இரண்டு. மேலாளர் கால்களை நாற்காலிக்கு மேல் தூக்கிக்கொண்டார். குண்டு விழுந்தாலும் விளக்கத்தை நிறுத்தாத பயிற்சி எனக்கு. “இது தெற்கு” என்றேன். நாற்றம் தாங்காமல் யாரோ பெரிய மின்விசிறியைத் தட்டிவிட்டார்கள். வங்காள விரிகுடா மொத்தமாக எழுந்து மேலாளரின் சட்டையில் படிந்தது.

“மாமு, இன்னிக்குக் கடலு ஓவரா பொங்குதுபா!” என்றது பின்வரிசை.

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இது யாரோட யோசனை?”

“என்னுடையது சார்.”

அவர் நஸ்ரினிடம் திரும்பினார். “நீ வேணாம்னு சொல்லலியாம்மா?”

“கேட்டாத்தானே சார் சொல்றதுக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். படையில் எனக்கு ஆணையிட்டவர்கள் எத்தனை பேர், நான் ஆணையிட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு சொல்ல என்னால் முடியும். நான் கருத்துக் கேட்டவர்களை அன்று எண்ணத் தொடங்கினேன். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

நஸ்ரின் லேப்டாப்பைத் திறந்தாள். மேலாளர் நீலமாகவே உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். மூவரும் தேறினோம், மேசை அவளுக்குக் கிடைத்தது. என்னிடம் அவர், “உங்கள மாதிரி டிசிப்ளினான ஆளுதான் சார் எங்க மெயின் கேட்டுக்கு வேணும்” என்றார், நிஜமான அன்போடு.

அந்த வேலைக்கு நான் போகவில்லை. மறு வருடம் நஸ்ரினே கூப்பிட்டாள். “லாரி ஷெட்யூலுக்கு ஆள் வேணும் அங்கிள். உங்களத்தான் சொல்லியிருக்கேன். ஆனா ஒண்ணு, டிரைவருங்கள கேட்டுட்டுத்தான் எதையும் மாத்தணும்.” அவளுக்குக் கீழே ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். கேட்டேன், எல்லோரையும். அந்தப் பழக்கம் இன்று வீடுவரை வந்துவிட்டது. “வெந்நீர் வைக்கறதுக்குக்கூடவா என் சம்மதம்?” என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

விருந்தாளிகள் வந்தால் இன்றும் இந்தக் கதைதான். சொல்வது மருமகன். போன தீபாவளிக்கு அவர் கணக்கில் நாற்பது நண்டுகள். ஒன்று மேலாளரின் தோள்வரை ஏறியதாம். வந்தது மூன்று. பக்கத்தில் நின்று எண்ணியவன் நான். ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்?